வாடகை வீடு: வீட்டுக்காரர் பூட்டை மாற்றலாமா? டிப்பாசிட் யாருக்குச் சொந்தம்?

“அண்ணே, வீடு காலியா இருக்காமே. வாடகை எவ்வளவு?”

“அறுநூறு வெள்ளி தம்பி. ரெண்டு மாசம் டிப்பாசிட், கரண்டு தண்ணிக்கு அரை மாசம், ஒரு மாசம் அட்வான்ஸ். நமக்குள்ள என்ன அக்ரிமெண்ட்டு? நம்ம ஆளுங்கதானே!”

ஜாசின், மெர்லிமாவ், பெம்பான், செர்க்காம் பக்கம் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. தோட்டத்தை விட்டு வெளியேறி தாமானில் குடியேறும் குடும்பம், மெர்லிமாவ் போலிடெக்னிக்கில் படிக்க வரும் பிள்ளைகள், தொழிற்சாலை வேலைக்காக வருகிறவர்கள் எனப் பலரும் இப்படித்தான் வீடு பிடிக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் சொல்ல, கையில் பணம் மாற, சாவி வந்துவிடுகிறது.

மேலே சொன்ன கணக்கைக் கூட்டினால் 2,100 ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதாவது ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் அதிகமான பணம், ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் கை மாறுகிறது.

பிரச்சினை வராத வரைக்கும் இதில் குறை ஒன்றும் தெரியாது. வாடகை இரண்டு மாதம் நின்றாலோ, வீட்டுக்காரர் வீட்டை விற்க முடிவு செய்தாலோ, காலி செய்யும்போது சுவரில் விரிசலைக் காட்டி “டிப்பாசிட் கிடையாது” என்றாலோதான் கேள்விகள் கிளம்பும். சட்டம் யார் பக்கம்?

2026 ஜனவரி 1 முதல் வாடகை ஒப்பந்தங்களுக்கான முத்திரை வரி முறையும் மாறியிருக்கிறது. இந்த நேரத்தில் வாடகை பற்றிய அடிப்படைகளை ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வாடகைக்கென்று தனிச் சட்டம் இருக்கிறதா?

இல்லை. பலருக்கு இது வியப்பாக இருக்கும். வேலைக்குத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது, கடையில் வாங்கும் பொருளுக்குப் பயனீட்டாளர் சட்டம் இருக்கிறது. ஆனால் தீபகற்ப மலேசியாவில் ஒரு குடும்பம் வாடகைக்குக் குடியிருப்பதை முழுமையாக ஒழுங்குபடுத்தும் ஒரே சட்டம் என்று எதுவும் இன்னும் இல்லை.

குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்று கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு அதற்கான வேலையில் இருப்பதாக ஒன்றுக்கு மேற்பட்ட அமைச்சர்கள் அறிவித்திருக்கிறார்கள். டிப்பாசிட்டை யார் வைத்திருப்பது, தகராறை எங்கே தீர்ப்பது என்பதெல்லாம் அந்த விவாதத்தில் அடங்கும். ஆனால் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

அதுவரை நம்மிடம் இருப்பவை பழைய சட்டங்களின் துண்டுகள்: 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1950-ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டம், 1951-ஆம் ஆண்டு வாடகைப் பறிமுதல் சட்டம், 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டம், தேசிய நிலச் சட்டத் தொகுப்பு, 1949-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம்.

இதனால் என்ன ஆகிறது? டிப்பாசிட் எத்தனை மாதம், எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும், கூரை ஒழுகினால் யார் பழுது பார்ப்பது, வாடகையை எப்போது ஏற்றலாம் என எதற்கும் சட்டத்தில் நேரடிப் பதில் கிடையாது. உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான் பதில். ஒப்பந்தம் எதுவும் சொல்லவில்லை என்றால், யாரிடம் ஆதாரம் இருக்கிறதோ அவர் கை ஓங்கும்.

வாய்ப்பேச்சு செல்லுமா?

செல்லும். ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வாடகை கொடுத்து, சாவி வாங்கி, குடியேறியிருந்தால் அங்கே ஒரு வாடகை உறவு உருவாகிவிடுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத வாடகையை வாய்மொழியாகவே ஏற்படுத்திக்கொள்ள தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 213-வது பிரிவும் இடம் தருகிறது. மூன்று ஆண்டைத் தாண்டினால் அது குத்தகை. அதை நில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஆகவே “அக்ரிமெண்ட் இல்லையே, உனக்கு ஒரு உரிமையும் கிடையாது” என்று வீட்டுக்காரர் சொன்னால் அது சரியல்ல. அதேபோல் “எழுத்தில் ஒன்றும் இல்லை, நான் எதற்கு வாடகை கட்டணும்?” என்று குடியிருப்பவர் கேட்பதும் சரியல்ல.

சிக்கல் வருவது நிரூபிப்பதில்தான். 1,200 ரிங்கிட் டிப்பாசிட் கொடுத்ததற்கு என்ன சாட்சி? ஆறு மாதத்திலேயே காலி செய்யலாம் என்று பேசிக்கொண்டதற்கு என்ன சாட்சி? கையில் ரொக்கமாகக் கொடுத்து, ரசீதும் வாங்காமல் விட்டால், நீதிமன்றத்தில் உங்கள் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை. அவ்வளவுதான்.

முழு ஒப்பந்தம் போட வழியில்லை என்றால்கூட, சில சின்ன வேலைகள் பெரிய காப்பாக இருக்கும். வாடகையை வங்கிக் கணக்கு வழியாக அனுப்புங்கள். குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். பேசியதை அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்: “அண்ணே, வாடகை 600, டிப்பாசிட் 1,200, தண்ணி கரண்டு டிப்பாசிட் 300, ஒரு வருசம்னு பேசினோம், சரிதானே?” அவர் “சரி” என்று பதில் போட்டால் அது ஓர் ஆதாரம்.

வீட்டை வேறொருவருக்கு விற்றுவிட்டால்?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பதிவு செய்யப்படாத வாடகை, வீட்டைப் புதிதாக வாங்குகிறவரைத் தானாகக் கட்டுப்படுத்தாது. அது அவரையும் கட்டுப்படுத்த வேண்டுமானால், விற்பனைக்கு முன்பே அந்த வாடகையை நில உரிமைப் பத்திரத்தில் குறிப்பாக ஏற்றியிருக்க வேண்டும். நிலச் சட்டத் தொகுப்பின் 316-வது பிரிவு அதற்கு வழி செய்கிறது. விண்ணப்பம் நில அலுவலகத்தில். ஜாசினுக்கு அது மாவட்ட, நில அலுவலகம்.

ஓராண்டுக்கு ஓர் அறை எடுப்பவர் இதற்காக மெனக்கெட மாட்டார். ஆனால் கடைவீட்டை மூன்று ஆண்டுக்கு எடுத்து, பல்லாயிரம் ரிங்கிட் செலவழித்து உணவுக்கடையோ சலூனோ போடுகிறவர் இதைப் பற்றி ஒரு வழக்கறிஞரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். சாதாரண வீட்டு வாடகைக்கு, “வீடு விற்கப்பட்டால் இத்தனை மாத முன்னறிவிப்பும் முழு டிப்பாசிட்டும் தரப்படும்” என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தாலே பாதி தலைவலி குறையும்.

முத்திரை வரி: எவ்வளவு, ஏன்?

ஸ்டாம்பிங் செய்யாத ஒப்பந்தம் செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். துல்லியமாகச் சொன்னால் அது செல்லும். ஆனால் முத்திரைச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, முத்திரையிடாத ஒப்பந்தத்தைச் சிவில் வழக்கில் ஆதாரமாக ஏற்க முடியாது. வரியையும் அபராதத்தையும் கட்டிய பிறகுதான் அது நீதிமன்றத்தில் பேசும்.

கட்டணம் இப்படிக் கணக்கிடப்படுகிறது. ஓராண்டு வாடகையை 250 ரிங்கிட் கூறுகளாகப் பிரிக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் ஓராண்டு வரை என்றால் ஒரு கூறுக்கு 1 ரிங்கிட். ஓராண்டுக்கு மேல் மூன்று ஆண்டு வரை என்றால் 3 ரிங்கிட்.

நம் 600 ரிங்கிட் வீட்டுக்கு ஆண்டு வாடகை 7,200 ரிங்கிட். அதில் 250-ஆக 29 கூறுகள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 29 ரிங்கிட், இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு 87 ரிங்கிட். கூடுதல் பிரதி ஒவ்வொன்றுக்கும் 10 ரிங்கிட். 2,100 ரிங்கிட்டைப் பாதுகாக்க 39 ரிங்கிட் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு வரிவிலக்கு இருந்தது. மாதம் 200 ரிங்கிட் அறைக்கு வரியே கிடையாது. 2025 ஜனவரி 1 முதல் அந்த விலக்கு நீக்கப்பட்டுவிட்டது. அதே அறைக்கு இப்போது ஓராண்டுக்கு 10 ரிங்கிட் வரி வரும்.

ஒப்பந்தம் கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரையிட வேண்டும். தவறினால், முதல் மூன்று மாதத் தாமதத்துக்கு 50 ரிங்கிட் அல்லது வரியில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது அபராதம். அதற்கும் மேல் போனால் 100 ரிங்கிட் அல்லது 20 விழுக்காடு.

2026 ஜனவரி 1 முதல் என்ன மாறியிருக்கிறது? அதற்கு முன்பு ஆவணத்தைச் சமர்ப்பித்தால், உள்நாட்டு வருமான வரி வாரியம் வரியைக் கணக்கிட்டுச் சொல்லும். அந்தத் தேதி முதல் வருமான வரியைப் போலவே, வரியை நாமே கணக்கிட்டு, இணையம் வழி அறிவித்து, கட்ட வேண்டும். முதல் கட்டத்தில் வாடகை, குத்தகை ஒப்பந்தங்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வீடு, நில உரிமை மாற்றம் 2027-இல்தான் இந்த முறைக்குள் வரும். கணக்கைத் தவறாகக் காட்டினால் பொறுப்பு நம்முடையது. அதனால் வாடகையைக் குறைத்து எழுதி வரியை மிச்சப்படுத்தலாம் என்ற யோசனை வேண்டாம். பின்னால் டிப்பாசிட் கேட்டு வழக்குப் போடும்போது, அந்தக் குறைந்த எண்ணே உங்களுக்கு எதிராக நிற்கும்.

டிப்பாசிட்: வீட்டுக்காரர் முழுதாக வைத்துக்கொள்ளலாமா?

பொதுவாக மூன்று வகைப் பணம் கொடுக்கிறோம். ஒரு மாத அட்வான்ஸ் முதல் மாத வாடகைக்கே போய்விடும். இரண்டு மாத டிப்பாசிட், வீட்டுக்குச் சேதம் வந்தாலோ ஒப்பந்தத்தை மீறினாலோ ஈடுகட்ட. அரை மாதத் தொகை, தண்ணீர் மின்சாரப் பாக்கிக்கு. இந்த ‘இரண்டு, அரை, ஒன்று’ வழக்கத்தில் வந்தது. சட்டம் விதித்தது அல்ல. அதனால் பேரம் பேசலாம்.

டிப்பாசிட் குடியிருப்பவரின் பணம். வீட்டுக்காரர் அதைப் பாதுகாப்பாக வைத்திருக்கிறார். உண்மையான சேதத்துக்கும் பாக்கிக்கும் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பதே பெரும்பாலான ஒப்பந்தங்களின் அடிப்படை. ஐந்து ஆண்டு குடியிருந்த வீட்டில் சாயம் மங்குவது, குழாய் வாஷர் தேய்வது எல்லாம் புழக்கத்தால் வரும் சாதாரணத் தேய்மானம். கதவை உடைத்தது, சிங்க் விரிந்தது வேறு கதை.

குடியிருப்பவர் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே போய்விட்டால் டிப்பாசிட் பறிபோகும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். ஒப்பந்தச் சட்டத்தின் 75-வது பிரிவு இதற்கு ஒரு வரம்பு வைக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை எதுவானாலும், கிடைப்பது ‘நியாயமான இழப்பீடு’ வரைதான். 2018-இல் கூபிக் எலெக்ட்ரோனிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இந்தப் பிரிவை விளக்கியது. பணத்தை வைத்துக்கொள்பவர் ஒவ்வொரு காசு இழப்பையும் நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் தொகை நியாயமாக இருக்க வேண்டும். அது அநியாயம் என்றால் ஒப்பந்தத்தை மீறியவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அது வீட்டு வாடகை வழக்கு அல்ல, பெரிய சொத்து விற்பனை வழக்கு. ஆனால் அந்த விதி சின்ன டிப்பாசிட்டுக்கும் பொருந்தும்.

ஆகவே நீங்கள் முன்கூட்டியே போனதால் இரண்டு மாத டிப்பாசிட் போனால், அதை எதிர்த்து வெல்வது சுலபமல்ல. ஆனால் “டிப்பாசிட்டும் கிடையாது, மீதி பத்து மாத வாடகையையும் கட்டு” என்று கேட்டால், நியாயமா என்று நீதிமன்றம் கேட்கும்.

இன்னொரு பழக்கம்: “கடைசி ரெண்டு மாசம் டிப்பாசிட்ல கழிச்சுக்குங்க அண்ணே.” வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் பரவாயில்லை. அவர் ஒப்புக்கொள்ளாமல் நீங்களாக வாடகையை நிறுத்தினால், அது பாக்கி. ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான் என்றாகிவிடும்.

வீட்டுக்குள் போகிற அன்றே ஒவ்வொரு அறையையும், மீட்டரையும், சமையலறை சிங்க்கையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள். வெளியேறும் நாளிலும் அதே போல. சாவியைக் கொடுக்கும்போது தண்ணீர், மின்சாரக் கட்டண ரசீதுகளின் நகலையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

வாடகை பாக்கி. வீட்டுக்காரர் பூட்டை மாற்றலாமா?

கூடாது. குறித்த நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாடகைக் காலம் முடிந்த பிறகும், அல்லது ரத்தான பிறகும், குடியிருப்பவர் உள்ளேயே இருந்தால், வீட்டை மீட்க நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டும். பூட்டை மாற்றுவது, பொருள்களை வெளியே தூக்கிப் போடுவது, கதவைக் கழற்றுவது போன்ற குறுக்கு வழிகளுக்கு இடமில்லை. “நோட்டீஸ் கொடுத்துட்டேன், இனி என் வீடு” என்ற வாதமும் இங்கே எடுபடாது.

அப்படி வெளியேற்றப்பட்டவர் போலீசில் புகார் செய்யலாம். அது நடந்ததற்கு ஒரு பதிவு. ஆனால் ‘இது சிவில் விவகாரம்’ என்ற பதில் வரவும் வாய்ப்புண்டு. வீட்டுக்குத் திரும்ப நுழைய உத்தரவும் இழப்பீடும் கேட்க வேண்டிய இடம் நீதிமன்றம்.

வீட்டுக்காரருக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. வீட்டுக்காரர் என்றதும் பணக்காரர் என்று நினைக்க வேண்டாம். ஓய்வுபெற்ற பிறகு சேமநிதிப் பணத்தில் வாங்கிய ஒரே வீட்டின் வாடகையை நம்பி மருந்து வாங்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். வங்கித் தவணை மாதாமாதம் ஓடும்போது, ஆறு மாத வாடகை பாக்கி அவர்களையும் சாய்த்துவிடும். அவர்களுக்குச் சட்டம் மூன்று கருவிகளைத் தருகிறது.

முதலாவது, வெளியேற்ற வழக்கு. எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, வாடகையை முடித்துக்கொண்டு, நீதிமன்றத்தில் வீட்டையும் பாக்கியையும் கேட்கலாம். வீட்டுக்காரர், குடியிருப்பவர் இடையிலான வழக்குகளைத் தொகை வரம்பில்லாமல் விசாரிக்கும் அதிகாரம் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு உண்டு.

இரண்டாவது, வாடகைப் பறிமுதல். 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அதிகபட்சம் 12 மாத வாடகைப் பாக்கிக்கு நீதிமன்றத்தில் ஆணை வாங்கலாம். நீதிமன்ற அதிகாரி வந்து வீட்டிலுள்ள பொருள்களைப் பறிமுதல் செய்வார். பாக்கி கட்டாவிட்டால் அவை ஏலத்துக்குப் போகும். உடுத்தும் துணிமணி, படுக்கை போன்றவற்றைத் தொட முடியாது. வீட்டுக்காரரே நேரில் வந்து டிவியைத் தூக்கிக்கொண்டு போவது பறிமுதல் ஆகாது.

மூன்றாவது, இரட்டை வாடகை. சிவில் சட்டத்தின் 28(4) பிரிவுப்படி, வாடகை முடிந்த பிறகும் காலி செய்யாதவரிடம் வீட்டுக்காரர் இரு மடங்கு வாடகை கோரலாம். 600 ரிங்கிட் வீடு என்றால் மாதம் 1,200. மூன்று மாதம் இழுத்தால் 3,600 ரிங்கிட். “கேஸ் முடியற வரைக்கும் சும்மா இருக்கலாம்” என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

தோட்ட வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே பாதுகாப்பா?

ஜாசின் மாவட்டத்தில் இந்தக் கேள்வி முக்கியம். புக்கிட் ஆசஹான், டைமண்ட் ஜூபிலி என்று தோட்டப் பெயரைச் சொல்லித்தான் இங்குள்ள பல குடும்பங்கள் தங்கள் வேரைச் சொல்லும். மூன்று தலைமுறையாக ஒரே லயன் வீட்டில் வாழ்ந்தவர்களும் உண்டு. வாசலில் மா மரம், பின்னால் கோழிக்கூடு, தாத்தா கட்டிய கோயில் எல்லாம் இருந்தாலும், சட்டத்தின் பார்வை வேறு.

வேலைக்காகக் கொடுத்த வீடு, பொதுவாக வாடகை வீடாகக் கருதப்படுவதில்லை. அது வேலையோடு சேர்ந்த அனுமதி. வேலை முடிந்தால் அனுமதியும் முடியும். 7(2) பிரிவு வாடகைக்குக் கொடுத்த சொத்தைப் பற்றியது. அனுமதியில் இருப்பவருக்கு அந்தக் கவசம் அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 89-வது ஆணையின் கீழ், அனுமதியில்லாமல் நிலத்தில் இருப்பவர்களை வெளியேற்ற ஒரு சுருக்க வழக்கு முறை உண்டு. தோட்ட நிலம் கைமாறி மேம்பாட்டுக்குப் போகும்போது இந்த வழியைப் பயன்படுத்துவது வழக்கம்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வேலையில் இருக்கும்போது வீட்டின் தரம் முதலாளியின் பொறுப்பு. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் அதைக் கேட்கிறது; அச்சட்டம் 2020 முதல் தோட்டத்துக்கு வெளியே மற்றத் துறைகளுக்கும் விரிந்துள்ளது. ஒழுகும் கூரை, தண்ணீர் வசதி போன்ற குறைகளைத் தொழிலாளர் இலாகாவிடம் எடுத்துச் செல்லலாம்.

வேலை ஓய்வுக்குப் பிறகும் நிர்வாகம் உங்களிடம் மாத வாடகை வாங்கிக்கொண்டு இருக்க விட்டிருந்தால், அந்த ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். அங்கே புதிதாக ஒரு வாடகை உறவு உருவாகியிருக்கிறது என்று வாதிட அவை உதவலாம். மாற்று வீடு, இழப்பீடு பற்றி நிர்வாகம் எதையாவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். ‘வீடு காலி செய்கிறேன்’ என்ற தாளில், படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்வதில் தவறேதும் இல்லை.

ஒரே வீட்டில் சேர்ந்து இருக்கும்போது யார் பொறுப்பு?

மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீடு எடுக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ஒருவர் மட்டும் கையெழுத்து. மூன்று பேர் பாதியில் போய்விட்டால் வீட்டுக்காரர் தேடுவது கையெழுத்துப் போட்டவரை. ஐந்து பேரும் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்ற வரியின் கீழ் கையெழுத்திட்டால், அந்த ஐவரில் யாரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். எப்படிப் போட்டாலும், தங்களுக்குள் யார் எவ்வளவு, யார் டிப்பாசிட் யாருடையது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. பெற்றோர் கையெழுத்திட வேண்டும்.

கணவன் மனைவிக்குள்ளும் இதே கேள்வி வரும். ஒப்பந்தம் கணவர் பெயரில், வாடகை கட்டுவது மனைவி. அவர் வீட்டை விட்டுப் போய்விட்டால், வீட்டுக்காரரின் கணக்கில் மனைவி யாருமே இல்லை. இருவர் பெயரையும் போடுவதற்குச் செலவு ஒன்றும் கூடாது.

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழும் குடும்பங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த திருமணத்தைப் பதிவு செய்யாவிட்டால், ஜீவனாம்சம், சேர்த்து வாங்கிய வீட்டில் பங்கு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் என ஒவ்வொன்றிலும் சிக்கல் வரக்கூடும்.

ஒரே ஒரு இடத்தில் சட்டம் கொஞ்சம் தாராளமாக இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், சமய முறைப்படி சடங்கு செய்து வாழ்பவரையும், பதிவு இல்லாவிட்டாலும், துணையாக ஏற்கிறது. அதன் 6-வது பிரிவின் கீழ், வீடு அடிப்பவரின் பெயரில் இருந்தாலும், வாடகை ஒப்பந்தம் அவர் பெயரிலேயே இருந்தாலும், பாதிக்கப்பட்டவர் அந்த வீட்டில் இருக்கவும் மற்றவர் வெளியேறவும் நீதிமன்றம் உத்தரவிட முடியும். “வீடு என் பேர்ல இருக்கு, நீ வெளிய போ” என்று மிரட்டப்படும் பெண்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

‘இந்தியர்களுக்கு இல்லை’ என்று சொன்னால்?

தொலைபேசியில் வீடு காலி என்பார்கள். பெயரைச் சொன்னதும் ‘ஆள் வந்துவிட்டது’ என்பார்கள். வேதனையான விஷயம். இதைத் தடுக்கும் நேரடிச் சட்டம் இன்று இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 8-வது விதி சமத்துவத்தைச் சொல்கிறது. ஆனால் அரசியலமைப்பு உரிமைகள் அரசுக்கு எதிரானவை, தனியாருக்கு எதிரானவை அல்ல என்று 2005-இல் பியட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய வாடகைச் சட்டம் பற்றிய விவாதத்தில் இந்தக் கேள்வியும் எழுந்திருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

எங்கே போவது?

டிப்பாசிட் 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டது என்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு தொகைக் கோரிக்கை வழக்குப் போடலாம். தனிநபரே போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 198-வது பாரத்தை நிரப்பி, ஒப்பந்தம், பணம் அனுப்பிய சான்று, படங்கள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஜாசினிலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது. ஒப்பந்த வழக்குகளுக்குப் பொதுவாக 6 ஆண்டு காலவரம்பு. ஆனால் ஆதாரம் கைபேசியோடு தொலைந்துபோகும் முன்பே செய்துவிடுவது நல்லது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். நிலத்தின் மீதான உரிமை சார்ந்த தகராறு அதன் எல்லைக்கு வெளியே இருப்பதால், வாடகைத் தகராறுக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி இலாகாவிடமும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திடமும் ஆலோசனை கேட்கலாம். வீட்டுக்காரர் என்று சொல்லி டிப்பாசிட் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்ட மோசடி என்றால், உடனே வங்கிக்கும் 997 என்ற தேசிய மோசடி தடுப்பு மைய எண்ணுக்கும் அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தடுக்க முடிந்தால் உண்டு. பணம் கொடுக்கும் முன், வீட்டு வரி பில்லிலோ மின்சார பில்லிலோ உள்ள பெயரும் வாங்குகிறவரின் ஐ.சி.யும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள்.

சாவி வாங்கும் முன் கேட்க வேண்டிய ஆறு

1. வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்குக்கு?
2. டிப்பாசிட் எவ்வளவு, வெளியேறி எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் கழிப்பார்கள்?
3. எத்தனை மாதம் இருக்க வேண்டும், முன்கூட்டியே போனால் என்ன, நோட்டீஸ் எத்தனை மாதம்?
4. கூரை, குழாய், வயரிங் பழுதானால் யார் செலவு?
5. தண்ணீர், மின்சாரக் கணக்கு யார் பெயரில், பழைய பாக்கி உண்டா?
6. ஒப்பந்தத்தில் யார் யார் பெயர், முத்திரை வரியை யார் கட்டுவது?

இந்த ஆறுக்கும் பதில் ஒரு தாளில் வந்து, இருவரும் கையெழுத்திட்டு, 30 நாளுக்குள் முத்திரை பதித்துவிட்டால், இப்போதைக்கு உங்கள் வீட்டுக்கான வாடகைச் சட்டம் அதுதான். “நம்ம ஆளுங்கதானே, எதுக்கு?” என்று அண்ணன் கேட்டால், “நம்ம ஆளுங்கதானே, நாளைக்கு நமக்குள்ள சண்டை வரக்கூடாது, அதுக்குத்தான்” என்று சொல்லிப் பாருங்கள். நியாயமான வீட்டுக்காரர் பேனாவை எடுப்பார்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக. உங்கள் சொந்த விவகாரத்துக்கு ஒரு வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறுங்கள்.)